தோற்றவரின் பின்னால் சென்றவர்கள்

ஸ்னூக்கர் ஆட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. இத்தனைக்கும் அது நமக்கு அயலிலே பிறந்த ஆட்டம். 1875 இல் மத்திய இந்தியாவின் ஜபல்பூரில், மழைக்காலத்தில் பொழுது போகாமல் தவித்த பிரித்தானிய இராணுவ அதிகாரிகளின் விடுதியில் அது தோன்றியது. அதன் விதிகள் முறையாக எழுதப்பட்டுச் சுவரில் மாட்டப்பட்டது நீலகிரியின் உதகமண்டலத்தில் உள்ள ஊட்டி கிளப்பில். அதன் தாய் ஆட்டமான பில்லியட்ஸ் நமது மலையகத்துத் துரைமாரின் கிளப்புகள் வரை வந்து சேர்ந்தது. இலங்கைக்கு முதலாவது உலக விருதைத் தேடித் தந்த விளையாட்டுகளுள் ஒன்றும் அதுவே. எம்.ஜே.எம். லாபீர் 1973 இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் சாம்பியனானார். கிரிக்கெட்டில் நாம் உலகக் கிண்ணத்தைத் தூக்குவதற்கு 23 ஆண்டுகள் முன்னர் நடந்தது அது. இன்றைய தலைமுறையில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

ஆனால் இக்கட்டுரை லாபீரைப் பற்றியது அன்று. உலகத் தொழில்முறை ஸ்னூக்கர் பட்டத்தை ஒருமுறையேனும் வெல்லாத ஒருவரைப் பற்றியது. அவருக்கு வாய்த்தது போன்ற இரசிகர் கூட்டம், அப்பட்டத்தைப் பலமுறை வென்றவர்களுக்கும் வாய்க்கவில்லை.

ஜிம்மி வைற் 1962 மே 2 ஆந் திகதி தென் இலண்டனின் ரூட்டிங் பகுதியில் பிறந்தவர். ரூட்டிங் என்றதும் புலம்பெயர்ந்த நம்மவர்களுக்கு இலங்கைத் தமிழர் கடைகளும் தோசைக் கடைகளும் கோயிலும் நினைவுக்கு வரும். அக்காலத்தில் அது உழைக்கும் வெள்ளையரின் ஊர். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய நேரத்தில் சிறுவன் ஜிம்மி, புகை மண்டிய ஒரு ஸ்னூக்கர் கூடத்திலேயே கிடந்தான். கல்வி அங்கேயே நடந்தது. 1979 இல், 16 வயதில், இங்கிலாந்து அமெச்சூர் சாம்பியன். அடுத்த ஆண்டில், அவுஸ்திரேலியாவின் டஸ்மேனியாவில், 18 வயதில் உலக அமெச்சூர் சாம்பியன். அவருடைய ஆட்டத்தின் வேகத்தைப் பார்த்தவர்கள் "சூறாவளி" என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயரில் மிகையில்லை. ஸ்னூக்கர் இயல்பாகவே மெதுவான ஆட்டம். ஒரு சிவப்புப் பந்தைப் பைக்குள் தள்ளினால் ஒரு புள்ளி, பின்னர் ஒரு வண்ணப் பந்து, மறுபடியும் சிவப்பு. மஞ்சளுக்கு 2 புள்ளி. அங்கிருந்து ஏறிச் சென்று கறுப்புக்கு 7. பந்தை விழுத்துவது பாதி வேலைதான். அடுத்த பந்துக்கு வசதியான இடத்தில் வெள்ளைப் பந்தை நிறுத்துவதே மற்றப் பாதி. அதனாலேயே ஆட்டக்காரர்கள் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து கணக்குப் போடுவார்கள். ஸ்டீவ் டேவிஸ் போன்றவர்கள் அந்தக் கணக்கை ஒரு கணக்காளரின் நிதானத்தோடு செய்து, 1980 களில் ஆறு முறை உலகப் பட்டத்தை எடுத்தார்கள். வைற் யோசிப்பதாகவே தெரியவில்லை. இடக்கைக்காரரான அவர் குனிந்தார், அடித்தார், அடுத்த பந்துக்கு நடந்தார். அவருக்கு முன்னர் அப்படி ஆடியவர் பெல்பாஸ்ற்றின் அலெக்ஸ் ஹிகின்ஸ் ஒருவரே.

அந்த ஹிகின்ஸிடம்தான் முதற் காயமும் பட்டது. 1982 உலகக் கிண்ண அரையிறுதி. 20 வயதை அப்போதுதான் எட்டியிருந்த வைற் 15-14 என முன்னிலையில் இருந்தார். அடுத்த பிரேமிலும் 59-0. இன்னும் ஓரிரு பந்து விழுந்திருந்தால் இறுதிப் போட்டி. தவறவிட்டார். மேசைக்கு வந்த ஹிகின்ஸ், ஒவ்வொரு பந்தும் தவறான இடத்தில் நிற்க, ஒவ்வொன்றையும் எப்படியோ விழுத்தி 69 புள்ளி எடுத்தார். ஸ்னூக்கர் வரலாற்றில் மிக அதிகமாகப் பேசப்பட்ட பிரேக்குகளுள் அதுவும் ஒன்று. பிறகு கடைசிப் பிரேமையும் எடுத்து, இறுதிப் போட்டியிலும் வென்று, கைக்குழந்தையை அணைத்தபடி அழுதார். உலகம் அந்தக் கண்ணீரைப் பார்த்தது. தோற்ற இளைஞரைப் பார்க்கவில்லை. விளையாட்டுப் பக்கம் தயாரித்தவர்களுக்குத் தெரியும்: வென்றவர் தலைப்பில் இருப்பார், தோற்றவர் இரண்டாம் பந்தியில் ஒரு வரியில் இருப்பார், இடம் போதாவிட்டால் அந்த வரியும் வெட்டுப்படும்.

1984 இறுதிப் போட்டியில் டேவிஸுக்கு எதிராக முதல் நாள் முடிவில் 4-12 என்று கிடந்தவர், மறுநாள் எழுந்து 16-18 வரை வந்து தோற்றார். அடுத்த ஐந்தாண்டுகளில் இறுதிப் போட்டிக்கு வரவில்லை. பின்னர் 1990 தொடக்கம் 1994 வரை தொடர்ச்சியாக ஐந்து இறுதிப் போட்டிகள். ஐந்திலும் தோல்வி. 1991 இல் ஜோன் பரட்டிடம். மற்றைய நான்கிலும் ஸ்கொட்லாந்தின் ஸ்டீபன் ஹென்ட்றியிடம்.

வைற்றின் வாழ்வின் திருப்புமுனை எது என்று கேட்டால் பெரும்பாலானோர் 1994 ஐச் சொல்வார்கள். என் கருத்தில் அது 1992. அவ்வாண்டு அவர் உச்சத்தில் இருந்தார். முதற் சுற்றில் ரோனி ட்ராகோவுக்கு எதிராக, ஒரே முறையில் எடுக்கக்கூடிய அதிகூடிய புள்ளியான 147 ஐ எடுத்தார். ஷெபீல்டின் குரூசிபிள் அரங்கில் அதற்கு முன்னர் அதைச் செய்தவர் கிளிஃப் தோபேர்ன் மட்டுமே. இறுதிப் போட்டியில் 14-8. முதலில் 18 பிரேம் எடுப்பவருக்குப் பட்டம். இன்னும் நான்கு வேண்டும். எதிராளிக்குப் பத்து வேண்டும். ஹென்ட்றி அந்தப் பத்தையும் தொடர்ச்சியாக எடுத்தார். 18-14.

தோல்விகளில் இரண்டு வகை உண்டு. எதிராளி நம்மைவிட வல்லவர் என்பதால் வருவது ஒன்று, அதை மறந்துவிடலாம். கைக்குள் வந்ததை விட்டுவிட்டோம் என்பதால் வருவது மற்றது. அதற்குப் பிறகு முன்னிலையில் நிற்பதே பயமாகிவிடும். அதே ஆண்டின் இறுதியில் வைற் பிரித்தானிய சாம்பியன் பட்டத்தை வென்றார் என்பது உண்மை. ஆனால் 1993 உலக இறுதிப் போட்டியில் ஹென்ட்றியின் முன் அவர் ஆடவே இல்லை என்று சொல்லலாம். 18-5.

இனி 1994. இறுதிப் போட்டியின் இரண்டாம் நாள் மே 2. வைற்றுக்கு அன்று 32 ஆவது பிறந்தநாள். எதிரே இருந்த ஹென்ட்றி, போட்டிக் காலத்தில் விடுதிக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது முழங்கையில் முறிவு கண்டிருந்தார். அந்தக் கையோடே ஆடினார். ஆட்டம் 17-17 வரை வந்தது. எஞ்சியிருப்பது ஒரு பிரேம். ஆயிரம் பேருக்குக் குறைவானவர்களே அமரக்கூடிய அந்தச் சிறிய அரங்கில் அநேகமாக எல்லோரும் ஒரே பக்கம்.

கடைசிப் பிரேமில் வைற் 37-24 என முன்னால் இருந்தார். சிவப்புப் பந்துகள் எடுக்கக்கூடியவாறு விரிந்து கிடந்தன. கறுப்புப் பந்து அதன் புள்ளியில் நின்றது. தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் நாளாந்தப் பயிற்சியில் யோசிக்காமலே விழுத்தும் பந்து அது. அடித்தார். அது பையின் உதட்டில் பட்டு வெளியே வந்தது. அவசரப்பட்டார் என்பாரும் உளர். கை ஒரு கணம் உதறியது என்பாரும் உளர். 1992 தான் அந்தக் கையைப் பிடித்தது என்பேன் நான். ஹென்ட்றி மேசைக்கு வந்தார், 58 எடுத்தார், முடிந்தது. அரங்கத்தின் நடுவில் ஒலிவாங்கி நீட்டப்பட்டபோது, இந்த மனிதர் எனக்கு எரிச்சலூட்டத் தொடங்கிவிட்டார் என்று வைற் சொன்னார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

இரசிகர்களை அவரோடு நிரந்தரமாகக் கட்டியது அந்த ஒற்றை வாக்கியம் என்று தோன்றுகிறது. ஹென்ட்றி ஏழு உலகப் பட்டங்களை வென்றார். அவரை எல்லோரும் மதித்தார்கள். வைற்றை "மக்கள் சாம்பியன்" என்றார்கள். அனுதாபம் மட்டுமே இதற்குக் காரணம் என்று கொள்ளவியலாது. அனுதாபம் ஓரிரு ஆண்டுகளில் வற்றிவிடும். வேலை முடிந்து வந்து, ஒரு கிளாஸ் பியரோடு பந்தயம் கட்டித் தோற்கும் மனிதர்கள் தம்மில் ஒருவரை அவரிடம் கண்டார்கள். மது, சூதாட்டம், போதைப்பொருள் ஆகியவற்றிலே தாம் தொலைத்த காலத்தையும் பணத்தையும் 2014 இல் வெளிவந்த தமது தன்வரலாற்றில் அவரே ஒளிக்காமல் எழுதினார். அந்த வாழ்க்கை மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் உலகப் பட்டம் கிடைத்திருக்கும் என்று இரசிகர்கள் பேசுவார்கள். அந்த ஒழுங்கு இருந்திருந்தால் அவர் இன்னொரு டேவிஸாகியிருப்பார். அவர்களும் அவர் பின்னால் போயிருக்கமாட்டார்கள்.

1994 க்குப் பிறகு இறுதிப் போட்டி இல்லை. 1995 அரையிறுதியில் மறுபடியும் ஹென்ட்றி. அந்த ஆட்டத்தில் ஹென்ட்றி 147 எடுத்தது எரிகிற நெருப்பில் எண்ணெய். அதே ஆண்டில் வைற் புற்றுநோயைச் சந்தித்தார், சகோதரரை இழந்தார். 1998 இல் முதற் சுற்றில் ஹென்ட்றியை 10-4 என வீழ்த்தினார். அரங்கம் அன்று கொண்டாடியது ஏதோ பட்டமே கிடைத்ததுபோல. 2004 இல் கிளாஸ்கோவில் தமது பத்தாவதும் கடைசியுமான தரவரிசைப் பட்டம். 2006 க்குப் பின்னர் உலகத் தொடரின் பிரதான சுற்றுக்கு அவர் தகுதி பெறவில்லை.

அவர் நிறுத்தவுமில்லை. 2017 இல், தரவரிசையில் இடமிழந்த அவருக்குத் தொழில்முறைச் சுற்றில் ஆடச் சிறப்பு அனுமதி வழங்கப்பட்டது. பின்னரும் அது நீடிக்கப்பட்டது. ஓர் இளைஞரின் இடத்தை முதியவருக்குக் கொடுப்பது நியாயமா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த முதியவர் ஆடும் சாதாரண முதற்சுற்று ஆட்டத்துக்கும் ஆசனங்கள் நிரம்பின என்பதை நிர்வாகிகள் கண்ணால் கண்டிருந்தார்கள்.

மூத்தோருக்கான உலகப் போட்டியை அவர் 2010 இல் ஒருமுறை வென்றிருந்தார். அது வேறு இடத்தில். 2019 இல் அந்தப் போட்டி முதன்முறையாகக் குரூசிபிள் அரங்குக்கு வந்தது. அதே மேடை, அதே நெருங்கிய ஆசனங்கள். இறுதிப் போட்டியில் வேல்ஸின் டரன் மோர்கனை 5-3 என வென்று, கறுப்புப் பந்து தவறிய 25 ஆண்டுகளின் பின்னர், 57 வயதில், அந்த அரங்கில் வைற் ஓர் உலகக் கிண்ணத்தைத் தூக்கினார். அது உண்மையான பட்டம் அன்று என்று கறாராகப் பேசுபவர்கள் உண்டு. அங்கே எழுந்து நின்று கைதட்டியவர்களில் தலை நரைத்தவர்கள் அநேகர்.

2021 இல் ஓய்விலிருந்து திரும்பிய ஹென்ட்றியும் வைற்றும் உலகத் தொடரின் தகுதிகாண் சுற்றில் எதிரெதிரே வந்தார்கள். ஹென்ட்றி 6-3 என வென்றார். அடுத்த ஆண்டு, 60 வயதில், தகுதிகாண் சுற்றுகளைக் கடந்து யோர்க் நகரில் நடந்த பிரித்தானிய சாம்பியன் தொடரின் பிரதான சுற்றுக்குள் வைற் நுழைந்தார். அங்கு முதல் ஆட்டத்திலேயே தோற்றார். அரங்கம் நிரம்பியிருந்தது.