சேரிக்கு ஓர் அங்கன்வாடி: மழலையர் கல்வியின் தரமும் பாதுகாப்பும் குறித்து சட்டம் சொல்வது என்ன?

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கல்வி தொடர்பாக அரசு வெளியிடும் ஆவணங்களில் 'தரம்', 'பாதுகாப்பு' ஆகிய இரு சொற்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. தரம் என்பது பாடத்திட்டம், விளையாட்டுப் பொருள்கள், பணியாளர் பயிற்சி எனப் பொருள்கொள்ளப்படுகிறது. பாதுகாப்பு என்பது சுற்றுச்சுவர், கழிப்பறை, கண்காணிப்புக் கேமரா எனச் சுருங்குகிறது. குழந்தை எந்தத் தெருவைக் கடந்து மையத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது, அங்கே யார் சமைத்ததை யார் உண்ண மறுக்கிறார்கள் என்னும் கேள்விகளுக்கு ஆய்வுப் படிவங்களில் கட்டம் ஒதுக்கப்படுவதில்லை. தமிழ்நாட்டில் மழலையர் கல்வி வழங்குவோரை அரசு எந்தச் சட்டத்தின்கீழ், எவ்வாறு நெறிப்படுத்துகிறது என்பதையும், தலித் பெற்றோர் அதில் எந்த உரிமையைப் பற்றிக்கொண்டு நிற்க முடியும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அரசமைப்பிலிருந்தே தொடங்க வேண்டும். 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது (உறுப்பு 21அ). ஆறு வயதுக்குட்பட்டோர் அந்த உரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். அவர்களுக்கான பராமரிப்பும் கல்வியும் உறுப்பு 45இல், அரசு 'முயல வேண்டிய' ஒன்றாக வைக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இதே வழியில்தான் சென்றது. மூன்று வயது நிறைந்த குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி அளிக்க அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்கிறது அதன் 11ஆம் பிரிவு. இந்த ஒற்றை வினைச்சொல்லின் விலையை, கட்டணம் செலுத்த வழியற்ற குடும்பங்கள்தாம் செலுத்தி வருகின்றன.

எனினும் உணவின் வழியாக ஒரு கதவு திறந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு பெறும் உரிமையை அளிக்கிறது. அதே பிரிவின் 2ஆம் உட்பிரிவு, ஒவ்வோர் அங்கன்வாடியிலும் சமையல் வசதி, குடிநீர், கழிப்பிடம் ஆகியவை இருந்தே தீர வேண்டும் என்கிறது. இங்கே 'முயலலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே கழிப்பறை இல்லாத அங்கன்வாடி குறித்து மனு எழுதுவோர், கல்விச் சட்டத்தைக் காட்டிலும் இந்தப் பிரிவை முன்வைப்பதே பலன் தரும்.

தனியார் துறை: இறப்புக்குப் பின் வரும் விதிகள்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் தனியார் பள்ளி ஒன்றில் ஏற்பட்ட தீ விபத்தில் 94 குழந்தைகள் கருகி இறந்தனர். கூரை வேய்ந்த சமையற்கட்டில் பற்றிய தீ அது. அதையொட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில்தான், அவினாஷ் மெஹ்ரோத்ரா எதிர் இந்திய ஒன்றியம் என்ற பெயரில், 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையே. கட்டடத்தின் பாதுகாப்பை உறுதிசெய்த பின்னரே அரசு அங்கீகாரம் வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். கட்டட உரிமம், கட்டட உறுதித்தன்மை, சுகாதாரம், தீயணைப்பு என இன்று பள்ளிகளிடம் கேட்கப்படும் சான்றுகளை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும்.

மழலையர் விளையாட்டுப் பள்ளிகளோ நெடுங்காலம் எந்தத் துறையின் கணக்கிலும் இல்லை. வீட்டு மாடி, வாகன நிறுத்துமிடம், திருமண மண்டபத்தின் பக்கவாட்டு அறை என எங்கும் அவை முளைத்தன. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் வந்த பிறகு, 2015இல் தமிழ்நாடு அரசு விளையாட்டுப் பள்ளிகளுக்கான நெறிமுறைத் தொகுப்பை வெளியிட்டு அவற்றை உரிமம் பெறும் முறைக்குள் கொண்டுவந்தது. குழந்தை உரிமைகள் பாதுகாப்புக்கான தேசிய ஆணையமும் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கான வழிகாட்டு நெறிகளைப் பின்னர் வகுத்தது. 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், ஒரு பராமரிப்பாளர் என்பது அதன் அளவுகோல்.

விதிகள் இருக்கின்றன. ஆயினும் 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் தனியார் பள்ளி ஒன்றின் எல்.கே.ஜி. சிறுமி கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் மதுரையில் மழலையர் பள்ளி ஒன்றின் சிறுமி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தார். இரண்டும் வளாகத்துக்குள்ளேயே இருந்த தரைமட்டத் தொட்டிகள். இரு நிகழ்வுகளுக்குப் பின்னும் கைதும் நடவடிக்கையும் விரைவாக வந்தன. உரிமம் வழங்கும் அலுவலருக்கும் நடத்துநருக்கும் இடையே உரிமத்துக்கு முன்பும், புதுப்பிக்கும்போதும் நடக்க வேண்டிய உரையாடல் பெரும்பாலும் காகிதத்திலேயே நடந்து முடிகிறது என்பது என் கணிப்பு. தொட்டியின் மூடி மேல் ஏறி நின்று பார்க்கும் ஆய்வாளர் வேண்டும். சான்றிதழின் காலாவதித் தேதியை மட்டும் பார்ப்பவர் போதாது.

தலித் குடும்பங்களுக்குத் தனியார் மழலையர் கல்வி முற்றிலும் அயலானதன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(இ) பிரிவின்கீழ் 25 விழுக்காட்டு இடங்களில் எல்.கே.ஜி. வகுப்பிலேயே சேரலாம். ஆனால் இது தொடக்கக் கல்வி வழங்கும் பள்ளி தன்னுடன் மழலையர் வகுப்புகளையும் நடத்தினால் மட்டுமே பொருந்தும். தனித்து இயங்கும் விளையாட்டுப் பள்ளி இச்சட்டத்தின் 'பள்ளி' என்னும் வரையறைக்குள் வராது. ஒன்றிய அரசு நிதியை நிறுத்திவைத்ததால் 2025-26ஆம் கல்வியாண்டில் இந்தச் சேர்க்கையே தாமதமாயிற்று.

மையம் எந்தத் தெருவில்?

தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் எனப் பதிவாகியிருந்தன. அவற்றுள் 4,940 குறு மையங்கள். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் இன்றைய வடிவம் இது. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளையும் உள்ளடக்கியதால், இங்கே மையங்கள் பிற மாநிலங்களைக் காட்டிலும் விரைவாக ஊன்றின. இந்தப் பெருமையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணிக்கை இருப்பிடத்தைச் சொல்லாது.

மக்கள்தொகை அளவுகோலை எடுத்துக்கொள்வோம். 400 முதல் 800 பேருக்கு ஒரு முழு மையம். 150 முதல் 400 பேருக்கு ஒரு குறு மையம். ஊரும் சேரியும் சேர்ந்து 800 பேர் வாழும் சிற்றூர் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். கணக்குப்படி ஒரு மையம் போதும். அது எங்கே அமையும் என்பதைப் புறம்போக்கு நிலம் எங்கே இருக்கிறது, ஊராட்சித் தலைவர் யார் என்பவை தீர்மானிக்கின்றன. சேரியின் 60 வீடுகளில் ஏறத்தாழ 240 பேர். அவர்களைத் தனிக் குடியிருப்பாகக் கணக்கிட்டால் குறு மையத்துக்கான தகுதி இருக்கிறது. ஊரோடு சேர்த்துக் கணக்கிட்டால் அந்தத் தகுதி மறைந்துபோகிறது. கணக்கெடுப்பின் எல்லையை எங்கே வரைவது என்பது இங்கே ஒரு சாதிக் கேள்வி.

மக்கள் குடியுரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில் (ரிட் மனு 196/2001) உச்ச நீதிமன்றம் இதைக் கண்டுகொண்டது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் அனைத்திலும் இயன்ற விரைவில் அங்கன்வாடி அமைக்கப்பட வேண்டும் என்று 2004ஆம் ஆண்டு ஆணை கூறியது. 2006 டிசம்பர் 13 ஆணை இன்னும் ஒரு படி சென்றது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கோரிக்கை வைத்தால், மூன்று மாதத்துக்குள் மையம் அமைக்க வேண்டும்.

நடைமுறையில் இந்த 40 என்னும் எண் தலித் குடியிருப்புகளுக்கு எதிராகவே பயன்படுத்தப்படுகிறது. மேற்சொன்ன 240 பேரில் ஆறு வயதுக்குட்பட்டோர் பத்தில் ஒரு பங்கு எனக் கொண்டால் 24 குழந்தைகள்தாம் தேறுவர். 'நாற்பது இல்லை' என ஒரே வரியில் மனு தள்ளுபடியாகிவிடும். இது சட்டப்படி பிழையான விடை. நாற்பது என்பது கோரிக்கையின் பேரில் மூன்று மாதக் கெடுவை இயக்குவதற்கான எண் மட்டுமே. பட்டியல் சாதிக் குடியிருப்புகள் குறித்த 2004ஆம் ஆண்டு ஆணையில் அத்தகைய எண் நிபந்தனை இல்லை. குறு மையத்துக்கான 150 பேர் என்ற அளவுகோலும் தனித்து நிற்கிறது. மனுவில் இம்மூன்றையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும். ஒன்றை மறுத்தால் மற்றொன்றுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

குறு மையம் கிடைத்தால் போதுமா? உதவியாளர் இல்லாமல் ஒரே பணியாளர் சமைக்கவும், கற்பிக்கவும், எடை பார்க்கவும், கைப்பேசிச் செயலியில் பதிவிடவும் வேண்டியிருக்கிறது. அடுப்பு எரியும் இடத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு வயதுக் குழந்தைகள் இருப்பார்கள். குறு மையங்களை முழு மையங்களாகத் தரமுயர்த்தும் கொள்கை ஒன்றிய அரசிடம் இருக்கிறது. தலித் குடியிருப்புகளில் உள்ள குறு மையங்கள் அதில் முதலில் இடம்பெற வேண்டும் என்று கோருவதற்கு 2006 ஆணையின் முன்னுரிமை விதியே அடிப்படை.

பணியாளரும் 'ஏற்புடைமை'யும்

அங்கன்வாடிப் பணியாளர் உள்ளூர்ப் பெண்ணாகவும் உள்ளூர்ச் சமூகத்துக்கு ஏற்புடையவராகவும் இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் தொடக்ககால வழிகாட்டு நெறி. பட்டியல் சாதிக் குழந்தைகள் தடையின்றி மையத்துக்குள் வர ஏதுவாகப் பணியாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் அதே நெறி தொடர்ந்து சொல்கிறது. முதற்பகுதி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இரண்டாம் பகுதியை அலுவலர்கள் மறந்துவிடுகின்றனர். 'ஊர் ஏற்கவில்லை' என்ற காரணத்தால் தலித் பணியாளர் இடம் மாற்றப்படும்போது, அந்த நெறியின் நோக்கமே தலைகீழாகிறது.

2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே அரசுப் பள்ளி ஒன்றில் தலித் சத்துணவுச் சமையலர் சமைக்கக் கூடாது என ஆதிக்கச் சாதியினர் தடுத்ததும், அவர் முதலில் இடம் மாற்றப்பட்டதும், போராட்டத்துக்குப் பின்னரே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானதும் நாடறிந்தவை. நிர்வாகத்தின் முதல் அனிச்சைச் செயல் எதுவாக இருக்கிறது என்பதற்கு அது சான்று. சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2004 ஏப்ரல் 20 ஆணை பள்ளி மதிய உணவைப் பற்றியது. அங்கன்வாடிக்கு அதை நேரடியாக மேற்கோள் காட்ட இயலாது; ஒப்புமையாகவே வாதிட முடியும்.

2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ நேரடியாகவே பொருந்துகிறது. கல்வி நிலையத்தில் நுழைவதைத் தடுத்தல், பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுத்தல், தொழில் அல்லது வேலை செய்வதைத் தடுத்தல், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு ஆகியவை 3(1) பிரிவின்கீழ்த் தண்டனைக்குரியவை. தனித் தட்டு, தனி வரிசை, தனிக் குவளை ஆகியவற்றை மேற்பார்வையாளர் கண்டும் அறிக்கையில் எழுதாமல் விட்டால், 4ஆம் பிரிவின்படி கடமை தவறிய பொதுஊழியர் என்ற கேள்வி எழும். அந்தப் பொதுஊழியர் பட்டியல் சாதியினர் அல்லாதவராக இருக்க வேண்டும், துறை விசாரணையின் பரிந்துரை வேண்டும் என்னும் வரம்புகளையும் மறந்துவிடக் கூடாது.

பணியாளரின் நிலையையும் சொல்லியாக வேண்டும். அரசு அவரிடம் தரத்தைக் கோருகிறது; ஆனால் மதிப்பூதியம் பெறும் 'தன்னார்வலர்' என்றே அவரை அழைக்கிறது. 2018 அக்டோபரில் உயர்த்தப்பட்ட மதிப்பூதியம், முழு மையப் பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநில அரசு தன் பங்கை இதற்கு மேல் சேர்க்கிறது. மணிபென் மகன்பாய் பாரியா வழக்கில் 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் எனத் தீர்ப்பளித்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகளையும் முன்பருவக் கல்வியையும் அவர்கள் நிறைவேற்றுகிறார்கள் என்ற அதன் கூற்று, அங்கன்வாடி வெறும் திட்டம் என்ற அரசின் வாதத்தைப் பலவீனப்படுத்துகிறது.

அரசுப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் 2019இல் தொடங்கப்பட்டன. 2022இல் அவற்றைக் கைவிடும் முடிவு வந்து, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. பிறகு 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிகச் சிறப்பாசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். தனியார் எல்.கே.ஜி.க்குக் கட்டணம் கட்ட இயலாத பெற்றோர் நம்பியிருக்கும் வகுப்பு இது. அதன் தரத்தைப் பற்றிப் பேசும் எவரும் இந்த 5,000 ரூபாயிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும்.

மனு எழுதும்போது

மையம் கோரும் மனுவைக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரே நாளில் அளித்து, ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும். மூன்று மாதக் கெடு ஓடத் தொடங்குவதற்கு அந்த ஒப்புகையே சான்று. குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி, தெரு ஆகியவற்றைப் பட்டியலிட்டு இணைக்க வேண்டும். அலுவலகக் கணக்கில் சேரிக் குழந்தைகள் ஊரின் மையத்தில் ஏற்கெனவே பதிவு பெற்றவர்களாகக் காட்டப்பட்டிருக்கக்கூடும். எனவே அந்த மையத்தின் வருகைப் பதிவேட்டின் நகலை முன்கூட்டியே தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறுவது நல்லது. பெயர் இருக்கும், வருகை இருக்காது. அந்த இடைவெளியே உங்கள் வழக்கின் முதன்மை ஆவணம்.

கிராம சபைத் தீர்மானம் கிடைத்தால் இணைக்கலாம்; கிடைக்காவிட்டாலும் உரிமை பாதிக்கப்படாது. உச்ச நீதிமன்றத்தின் ஆணை குடியிருப்பின் கோரிக்கையைத்தான் கேட்கிறது, ஊரின் ஒப்புதலைக் கேட்கவில்லை. உணவு வழங்கலில் குறையிருந்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் முறையிடலாம். அடுத்த படி மாநில உணவு ஆணையம். 29ஆம் பிரிவின் கண்காணிப்புக் குழுக்களில் பட்டியல் சாதியினருக்கு உரிய இடம் வேண்டும் எனச் சட்டமே சொல்வதால், குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் அதே தகவல் மனுவில் கேட்டுவிடலாம். பாகுபாடு குறித்த புகாரை இவற்றோடு கலக்காமல், காவல் நிலையத்தில் தனியாக எழுத்து வடிவில் கொடுக்க வேண்டும். நலத் துறைக்கு அனுப்பப்படும் வன்கொடுமைப் புகார் 'அறிவுரை வழங்கப்பட்டது' என்ற குறிப்புடன் முடித்துவைக்கப்படுவதே வழக்கமாக இருக்கிறது.