குழந்தைகளின் கால் வளைவு: ஒற்றைப் பார்வையும் தொடர் அளவீடும்

முன்னுரை

கணுக்கால்கள் இரண்டும் ஒட்டியிருக்கும் நிலையில் முழங்கால்கள் ஒன்றையொன்று தொடாமல் வெளிப்புறமாக விலகி நிற்பதே கால் வளைவு. பேச்சுவழக்கில் இது கவட்டைக்கால் எனப்படும். மதுரை நகரிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற சுற்றுப்புற ஊர்களிலும், குழந்தை தளர்நடை பயிலும் பருவத்தில் பெற்றோரை வருத்தும் இவ்வளைவுக்கு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது காலை நீவிவிடாதது, இடுப்பில் வைத்துத் தூக்கியது, டயப்பர் கட்டியது, முன்கூட்டியே நிற்க வைத்தது எனப் பல காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. இவை யாவும் இறுதியில் தாயின் கவனக்குறைவாகவே எண்ணப்பட்டுவிடுகின்றன. இயல்பான வளைவு இவற்றால் உண்டாவதில்லை என்பதையும், ஒரு நாள் பார்வையில் தெரியும் வளைவின் அளவைவிட அது காலப்போக்கில் எத்திசையில் மாறுகிறது என்பதே இயல்பையும் நோயையும் பிரித்துக் காட்டும் என்பதையும், அம்மாற்றத்தைக் கண்டறியும் முறைக்கு மதுரை மாவட்டத்திலேயே முன்மாதிரி உண்டு என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

வளைவின் இயல்பான போக்கு

கருப்பையின் குறுகிய இடத்தில் இடுப்பும் முழங்காலும் மடங்கிய நிலையில் வளர்வதால், பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழ அனைவருக்கும் கால்கள் வளைந்தே இருக்கும். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு சற்று உட்புறமாக முறுகியிருப்பது, குழந்தை நடக்கும்போது அவ்வளைவை மிகுத்துக் காட்டும். பின்லாந்தின் சலேனியஸ், வான்கா ஆகியோர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 1975இல் வெளியிட்ட முடிவுகள், பிறப்பில் ஏறத்தாழ 15 பாகையாக உள்ள வளைவு ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் நேராகி, பின்னர் எதிர்த்திசையில் சென்று, மூன்று வயதையொட்டி முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டும் நிலையை எட்டி, ஏழு வயதளவில் பெரியவர்களின் அமைப்பை நெருங்குவதைக் காட்டின. எனவே, ஓராண்டு நிறைந்த குழந்தையின் வளைவும் மூன்று வயதுக் குழந்தையின் முட்டும் காலும் ஒரே வளர்ச்சியின் இரு கட்டங்களாகும். நீவுதலும் சிறப்புக் காலணியும் இப்போக்கை விரைவுபடுத்துவதில்லை. கால்களை விரித்து இடுப்பில் அமர்த்தித் தூக்குவது இடுப்பு மூட்டு செம்மையாக அமையத் துணை செய்கிறதேயன்றிக் காலை வளைப்பதில்லை. மதுரை மீனாட்சியைக் குழந்தையாக்கிக் குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் பாடிய பிள்ளைத்தமிழ், செங்கீரை, சப்பாணி, வருகை எனக் குழந்தையின் செயல்களைப் பருவ வரிசையில் நிறுத்தும் மரபைச் சார்ந்தது. செயலுக்குப் பருவம் உண்டு என்பதை நெடுங்காலமாக அறிந்த சமூகம், காலின் வடிவத்துக்கும் பருவம் உண்டு என்பதை ஏற்பது அரிதன்று.

நோயைக் காட்டும் அறிகுறிகள்

வளைவுகள் எல்லாம் தாமே நேராகிவிடும் என்று கொள்வதும் பிழையே. இரண்டு வயதுக்குப் பின்னும் குறையாத வளைவு, நாளுக்கு நாள் கூடும் வளைவு, ஒரு காலில் மட்டும் தோன்றும் வளைவு, வயதுக்கேற்ற உயரமின்மை, வலி, நொண்டுதல், முழங்கால்களுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளி ஆகியவை மருத்துவ ஆய்வை வேண்டுவன. கணைக்கால் எலும்பின் மேல்முனையில் உட்புற வளர்ச்சி மட்டும் தடைப்படும் பிளவுன்ட் நோய், உடல் எடை மிகுந்த, சீக்கிரமே நடக்கத் தொடங்கிய குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. மூன்று வயதுக்கு முன்பே கண்டறியப்பட்டால் தாங்குகருவி பயனளிக்க வாய்ப்புண்டு, காலம் கடந்தால் அறுவை சிகிச்சையே வழியாகும். ரிக்கெட்ஸ் என்பது வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றின் குறைபாட்டாலோ, சிறுநீரகம் பாஸ்பரஸை இழப்பதாலோ, வளரும் எலும்பு முனைகளில் தாதுக்கள் படியாமல் எலும்பு மென்மையுற்று உடற்பாரத்தால் வளையும் நிலை. மணிக்கட்டு தடித்தலும், விலா எலும்பு முனைகள் புடைத்தலும், நடை தாமதமாவதும் இதன் அடையாளங்கள்.

வெயிலும் உணவும்

ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் அமைந்து ஆண்டு முழுவதும் வெயில் காயும் மதுரையில் ரிக்கெட்ஸ் வராது என்னும் நம்பிக்கை இயல்பாகத் தோன்றினாலும் அது முழுமையானதன்று. தோலில் வைட்டமின் டி உருவாக்கும் புறஊதாக் கதிர்கள் சூரியன் உயர்ந்திருக்கும் முற்பகல், நண்பகல் வேளைகளிலேயே மிகுதியாகத் தரையை அடைகின்றன. குழந்தையைக் காட்டும் அதிகாலை இளவெயிலில் அவை குறைவு, வெப்பத்துக்கு அஞ்சி வீட்டுக்குள் வைத்திருக்கும் வேளையிலோ அவை குழந்தையை அடைவதேயில்லை. தாய்ப்பாலிலும் இவ்வைட்டமின் மிகக் குறைவாதலால், முதல் ஆண்டில் நாளொன்றுக்கு 400 யூனிட் சொட்டு மருந்தைக் குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். சோற்றில் கால்சியம் அரிது. கேழ்வரகிலோ 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. அதே வேளையில், பெரியவர்களுக்கான 60,000 யூனிட் வைட்டமின் டி மருந்தை அளவறியாமல் குழந்தைக்குத் தொடர்ந்து கொடுப்பது இரத்தத்தில் கால்சியத்தைப் பெருக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடும் என்பதால், கவலையின் பேரில் தாமே மருந்து வாங்குவது தவிர்க்கப்பட வேண்டும்.

கொட்டாம்பட்டி தரும் முன்மாதிரி

தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முன்னோடியாகத் தொடங்கப்பட்டபோது, குழந்தைகள் மாதந்தோறும் எடையிடப்பட்டனர். ஒரு நாளின் எடையை மட்டும் கொண்டல்லாமல், தொடர் எடைகளில் ஏற்றம் உள்ளதா என்பதைக் கொண்டும் துணை உணவு தேவைப்படுவோர் இனங்காணப்பட்டனர். கால் வளைவுக்கும் இதே நெறி பொருந்தும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை செல்ல வேண்டும் என்பதும், அவர்கள் தேட வேண்டிய குறைபாடுகளுள் ரிக்கெட்ஸும் ஒன்று என்பதும் வகுக்கப்பட்டுள்ளன. அங்கன்வாடியிலேயே வளைவையும் அளந்து பதியச் சொன்னால், பணிச்சுமை மிக்க ஊழியர்மேல் இன்னொரு பதிவேடு சுமத்தப்படுகிறது என்னும் மறுப்பு எழலாம். ஆயினும், குழந்தையைப் படுக்க வைத்துக் கணுக்கால்களைச் சேர்த்து முழங்கால் இடைவெளியை நாடாவால் அளந்து எடை அட்டையிலேயே குறிப்பதற்கு ஓரிரு நிமிடங்களே போதும். ஆறு மாத இடைவெளியில் கிடைக்கும் இரு அளவுகள், வளைவு குறைகிறதா கூடுகிறதா என்பதை எவருடைய கருத்துக்கும் இடமின்றிக் காட்டிவிடும்.

முடிவுரை

கால் வளைவு குறித்த கவலை மதிக்கத் தக்கது. அதற்கு விடையாகத் தாயைக் குறை கூறுவதும், ஆராயாமல் ஆறுதல் சொல்வதும் தகா. வயது, இரு கால்களின் ஒப்புமை, வளைவு மாறும் திசை ஆகிய மூன்றையும் பதிவு செய்தால், பெரும்பாலான குடும்பங்கள் தேவையற்ற எக்ஸ்ரேயிலிருந்தும் மருந்திலிருந்தும் விடுபடும். நோயுற்ற சிலரோ மருத்துவம் எளிதாகப் பலிக்கும் வயதிலேயே மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற உயர்சிகிச்சை நிலையங்களைச் சென்றடைவர்.