கிரேக்கம் இழந்ததும் அரபு காத்ததும்

‘யூனானி மருத்துவம்’ என்று நாம் வழங்கும் சொல் கிரேக்கரைக் குறிப்பதாகும். அரபியில் ‘யூனான்’ என்றால் கிரேக்க நாடு. அம்மருத்துவ நூல்களில் ஜாலீனூஸ் என்று வருபவர் கிரேக்க மருத்துவர் கேலன் ஆவார்.

கிரேக்க அறிவைக் காத்து உலகிற்கு அளித்தவர்கள் நம் முன்னோர்களே என்று மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். அப்பணியை யார் செய்தார், எவ்வாறு செய்தார் என்பது அங்கே சொல்லப்படுவதில்லை. முழக்கத்தைவிட அந்த விவரமே பெருமைக்குரியது என்பது நமது கருத்து.

அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (கி.பி. 808–873) ஹீராவில் பிறந்த கிறிஸ்தவர். அவருக்குப் பொருளுதவி செய்த பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் முஸ்லிம்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்கு அவர்கள் மாதம் சுமார் 500 தீனார் செலவிட்டதாக இப்னுன் நதீம் குறிப்பிடுகிறார்.

கேலனின் 129 நூல்களை யார் யாருக்காக மொழிபெயர்த்தார், அது எத்தரத்தில் அமைந்தது என்று ஹுனைன் ஒரு நீண்ட மடலில் எழுதி வைத்தார். தம் நூலையும் அவர் விட்டு வைக்கவில்லை. இருபது வயதளவில், பிழை மலிந்த ஒரே பிரதியைக் கொண்டு ஒரு நூலை மொழிபெயர்த்திருந்தார். நாற்பது வயதளவில் மாணவர் ஹுபைஷ் அதைத் திருத்தித் தரக் கேட்டார். அதற்குள் கிரேக்கப் பிரதிகள் பல அவரிடம் சேர்ந்திருந்தன. அவற்றை ஒப்புநோக்கிச் சரியான மூலத்தை அமைத்து, பிறகே பழைய மொழிபெயர்ப்பைத் திருத்தினார். எந்நூலுக்கும் இதுவே தம் வழக்கம் என்கிறார். ஹதீஸ் கிரந்தங்களின் கைப்பிரதிகளை ஒப்பிட்டுப் படித்தவர்களுக்கு இவ்வுழைப்பின் அருமை விளங்கும்.

இதன் பயன் பிற்காலத்தில் தெரிந்தது. கிரேக்கக் கணித மேதை அப்போலோனியஸ், நீள்வட்டம் முதலிய கூம்பு வளைவுகளைப் பற்றி 8 பாகங்களில் எழுதினார். கிரேக்க மொழியில் எஞ்சியவை முதல் 4 பாகங்களே. 5, 6, 7ஆம் பாகங்கள் ஹர்ரானைச் சேர்ந்த ஸாபியீ அறிஞர் தாபித் இப்னு குர்ராவின் அரபு மொழிபெயர்ப்பில் மட்டுமே உள்ளன. வால்நட்சத்திரத்தால் பெயர் பெற்ற எட்மண்ட் ஹாலி அரபி கற்று, 1710இல் அவற்றை லத்தீனில் வெளியிட்டார். 1990இல் ஜெரால்ட் டூமர் அரபு மூலத்தையும் ஆங்கில ஆக்கத்தையும் சேர்த்துப் பதிப்பித்தார். எட்டாம் பாகம் எம்மொழியிலும் கிடைக்கவில்லை.

கேலனின் ‘அல்புர்ஹான்’ என்ற தர்க்க நூலைத் தேடி ஹுனைன் ஜஸீரா, ஷாம், ஃபலஸ்தீன், மிஸ்ர் எனச் சுற்றி இஸ்கந்தரிய்யா வரை சென்றார். திமிஷ்கில் ஏறத்தாழப் பாதி மட்டும் கிடைத்தது. அந்தப் பாதியும் இன்று, சிதறிய சில மேற்கோள்கள் தவிர, நம்மிடம் இல்லை.