ஜலதோஷம்: உடல் நடத்தும் போர்

இரு பருவமழைகளும் பெய்யும் குமரி மாவட்டத்தில், நனைந்தால் தடுமன் பிடிக்கும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. இது எவ்வளவு தூரம் உண்மை?

இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரருகே 1946-ஆம் ஆண்டு ஜலதோஷ ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே ஆண்ட்ரூஸ் குழுவினர், தொண்டர்கள் சிலரை வெந்நீரில் குளிக்கச் செய்து, ஈரம் உலராமல் குளிர்காற்றில் நிறுத்தினர். குளிர் மட்டும் பட்டவர்களுக்கு ஜலதோஷம் வரவில்லை. நோயாளியின் மூக்குநீரை, பாக்டீரியாவை வடிகட்டி நீக்கியபின் மூக்கில் இட்டபோது பலருக்கு வந்தது. ஆகவே மூலகாரணம் வைரஸே.

வைரஸ் நுழைந்ததும் உடல் வாளாவிருப்பதில்லை. தாக்குண்ட செல்கள் ஒரு புரதத்தை வெளியிட்டு அண்டை செல்களை எச்சரிக்கின்றன. 1957-இல் லண்டனில் இதைக் கண்டறிந்த ஐசக்ஸ், லிண்டன்மன் இருவரும் இன்டர்ஃபெரான் எனப் பெயரிட்டனர். பின்னாளில் அதையே மூக்கில் தெளித்தபோது ஜலதோஷம் தடுக்கப்பட்டது. ஆயின், நீண்டநாள் தெளித்தவர்களுக்கு மூக்கடைப்பும் இரத்தக் கசிவும் உண்டாயின. நீரொழுக்கு, தும்மல் முதலிய தொல்லைகள் பெரும்பாலும் உடலின் எதிர்ப்புப் போரால் விளைபவையே என்பது இன்று தெளிவு.

சில நாட்களில் எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. ஆனால் ரைனோ வைரஸில் மட்டும் 160-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றுக்கு உருவான எதிர்ப்பு மற்றொன்றுக்கு உதவுவது அரிது. ஆதலால் ஜலதோஷம் மீண்டும் மீண்டும் வருகிறது.

பெனிசிலின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்லுமேயன்றி வைரஸைத் தீண்டா. தும்மலுக்கெல்லாம் அவற்றை விழுங்கினால், பாக்டீரியாக்கள் அம்மருந்துகளை எதிர்க்கும் திறன் பெறும். நிமோனியா வரும் நாளில் அவை கைகொடாமற் போகலாம்.