அன்றைய நமக்கு ஒரு சொல்

குருநாகல் – தம்புள்ளை வீதியில் இருக்கும் கலேவெலயில், வெள்ளைச் சீருடையோடு நடந்த அந்தச் சிறுமிகளிடம் இன்று பேசக் கிடைத்தால் நாம் புத்திமதி சொல்லமாட்டோம், வரலாற்றைச் சொல்வோம்.

பிள்ளைகளே, நீங்கள் இருக்கும் வாங்கு சும்மா வந்ததல்ல. 1838இல் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். பெண்கல்வி வேண்டும் என்று சொன்னதோடு நில்லாமல், கண்டியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் அமைத்தார். 1931இல் இலங்கைப் பெண்கள் ஆண்களோடு சமமாக வாக்குரிமை பெற்றனர். 1945இல், சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால், பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று.

கட்டணம் நீங்கியது. ஆனால், "பெரிய பிள்ளையாகிவிட்டாள், இனிப் படிப்பு எதற்கு?" என்ற கேள்வி வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதை எந்தச் சட்டமும் நீக்கவில்லை. பிடிவாதமான உம்மாமாரும் அம்மாமாரும், வீடு தேடி வந்த ஆசிரியைகளும்தான் கொஞ்சங்கொஞ்சமாக நீக்கினார்கள்.

ஆகவே உங்களுக்குச் சொல்வது இதுதான்: பக்கத்து வாங்கு வெறுமையானால், அவள் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். இடையில் நின்ற தோழியரும் இப்பள்ளியின் பழைய மாணவியரே. இந்த நூற்றாண்டு அவர்களுக்கும் உரியது.