காரை போட்டோ எடுக்க எவ்வளவு ஆகும்? அட்வான்ஸ் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை - முழு விவரம்

சென்னை:

கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போட்டோகிராபரை கூப்பிட்ட காலம் போய், இப்போது காருக்கும் போட்டோகிராபரை கூப்பிடும் காலம் வந்துவிட்டது. புது கார் டெலிவரி எடுக்கும் நாளில் குடும்பத்தோடு நாலு படம், பழைய காரை விற்பதற்கு பத்து படம், ஆசை ஆசையாக பழுது பார்த்த பழைய அம்பாசடருக்கு ஒரு ஆல்பம் என்று ஆளுக்கு ஒரு தேவை.

இதில் கஷ்டப்படுவது பழைய காரை விற்கிறவர்தான். விளம்பரம் செல்போனில் போகிறது. வாங்குகிறவர் வண்டியை நேரில் பார்ப்பதற்கு முன்னால் படத்தைத்தான் பார்க்கிறார். படம் மங்கலாக இருந்தால் விரலால் தள்ளிவிட்டு அடுத்த வண்டிக்கு போய்விடுவார். சொந்த டாக்சியை விற்று கடனை அடைக்க நினைக்கும் டிரைவருக்கு ஒவ்வொரு ஆயிரமும் முக்கியம். போட்டோவுக்கு செலவு செய்யலாமா, வேண்டாமா? இதுபற்றிய விவரம் வருமாறு:-

கூலி எப்படி கணக்கு?

கார் படத்துக்கு என்று அரசு நிர்ணயித்த கட்டணம் எதுவும் கிடையாது. ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மாறும். பொதுவாக மூன்று விதமாக கணக்கு போடுகிறார்கள். ஒன்று, மணிக்கணக்கு அல்லது அரை நாள் கூலி. இரண்டு, ஒரு காருக்கு இத்தனை படம் என்று மொத்த ரேட்டு. மூன்று, விளம்பர கம்பெனிகளுக்கான நாள் கூலி.

தெருமுனை ஸ்டூடியோக்காரர், கல்யாண வேலை இல்லாத நாளில் 2 ஆயிரம், 3 ஆயிரம் ரூபாய்க்கு வந்து எடுத்து கொடுப்பதும் உண்டு. காருக்கு என்றே லைட், பில்டர் எல்லாம் வைத்திருப்பவர்கள் அரை நாளுக்கு 10 ஆயிரத்துக்கு மேல் கேட்பதும் உண்டு. விளம்பர வேலை என்றால் ஸ்டூடியோ வாடகை, லைட் ஆட்கள், கம்ப்யூட்டர் வேலை எல்லாம் சேர்ந்து லட்சத்தை தாண்டிவிடும். அது சாதாரண ஜனங்களுக்கு தேவைப்படாத கணக்கு.

ரேட்டு ஏன் ஏறுகிறது?

“பட்டனை அமுக்குறதுக்கு இவ்வளவா?” என்று கேட்பவர்கள் உண்டு. கார் என்பது ஓடுகிற கண்ணாடி மாதிரி. எதிரே நிற்கும் ஆள், மின்கம்பம், குப்பைத்தொட்டி எல்லாம் பாடியில் பளிச்சென்று தெரியும். அதை குறைக்க லென்ஸ் முன்னால் போலரைசர் என்ற பில்டரை மாட்டி திருப்பி திருப்பி பார்க்க வேண்டும். வெயில் உச்சியில் இருந்தால் வண்டியின் மேலே வெளுப்பும் கீழே கருப்புமாக விழும். அதனால் சூரியன் எழும் நேரம், இறங்கும் நேரம் என்று சின்ன இடைவெளியில் வேலையை முடிக்க வேண்டும்.

பிலிம் ரோல் காலத்தில் 36 படத்தோடு வேலை முடிந்தது. இப்போது 300 படம் எடுத்து, அதில் 20-ஐ பொறுக்கி, ஒவ்வொன்றாக கம்ப்யூட்டரில் சரி செய்கிறார்கள். எடுக்கிற நேரத்தைவிட உட்கார்ந்து திருத்துகிற நேரம் அதிகம். கூலியில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது. நல்ல கேமராவும் லென்சும் சேர்ந்தாலே 2 லட்சத்தை தாண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

கூலிக்கு மேலே வரும் செலவு

சொன்ன கூலியோடு கதை முடியாது. வாட்டர் வாஷ், பாலிஷ் செலவு வண்டிக்காரர் தலையில். ஈ.சி.ஆர். பக்கம் போய் எடுக்க ஆசைப்பட்டால் பெட்ரோல், சுங்கச்சாவடி கட்டணம் தனி. மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் ஸ்டாண்டு போட்டு எடுக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தனியார் ரிசார்ட், பண்ணை வீடு என்றால் இடத்துக்கு வாடகை.

போட்டோகிராபர் ஜி.எஸ்.டி. பதிவு செய்தவராக இருந்தால் கூலிக்கு மேல் 18 சதவீதம் வரி வரும். சேவை தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பவர் பொதுவாக பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு எண் இல்லாமல் வரி மட்டும் கேட்டால் கொடுக்காதீர்கள். எண் போட்ட பில்லை கேளுங்கள்.

விற்கிற வண்டிக்கு கட்டுப்படி ஆகுமா?

ஒரு கணக்கு பார்ப்போம். கூலி 5 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத வரி 900. மொத்தம் 5 ஆயிரத்து 900. இதை 2 லட்ச ரூபாய் காருக்கு செலவு செய்தால் விலையில் கிட்டத்தட்ட 3 சதவீதம் போய்விடுகிறது. அதே பணம் 20 லட்ச ரூபாய் காருக்கு அரை சதவீதம்கூட ஆகாது. விலை உயர்ந்த காருக்கும், அரிதான பழைய வண்டிக்கும், மாதம் பத்து கார் விற்கும் டீலருக்கும் ஆள் வைப்பது கட்டுப்படி ஆகும். ஓடி தேய்ந்த டாக்சிக்கு அந்த 5 ஆயிரத்தை டயருக்கோ பேட்டரிக்கோ போட்டால் நேரில் பார்க்கிறவர் பேரம் பேசுவது குறையும்.

இன்னொரு விஷயம். பழைய கார் வாங்கி விற்கும் நிறுவனங்கள் பல, தங்கள் ஆளையே அனுப்பி வண்டியை சோதித்து படமும் எடுத்துக்கொள்கின்றன. அவர்களிடம் கொடுக்க முடிவு செய்தவர் போட்டோவுக்கு தனியாக செலவு செய்ய வேண்டியதே இல்லை.

செல்போனிலேயே எடுக்கலாம்

காசு செலவு இல்லாமல் எடுக்க சில வழிகள்:-

* வண்டியை கழுவி, துடைத்து காயவிடுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் பாட்டில், துண்டு, செருப்பை எடுத்துவிடுங்கள்.

* காலை 7 மணிக்குள் அல்லது மாலை 5 மணிக்கு மேல் எடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும்.

* வெற்றுச்சுவர், காலி மைதானம் போன்ற இடமாக பாருங்கள். கடை போர்டும் மாடும் படத்தில் வேண்டாம்.

* கிட்டே நின்று எடுத்தால் முன்பக்கம் வீங்கின மாதிரி தெரியும். வண்டி முழுவதும் படத்தில் அடங்கும் அளவுக்கு தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து, ஹெட்லைட் உயரத்துக்கு குனிந்து எடுங்கள்.

* முன் மூலை, பின் மூலை, இரண்டு பக்கவாட்டு, டாஷ்போர்டு, முன் சீட், பின் சீட், டிக்கி, என்ஜின், நாலு டயர், ஓடிய கிலோமீட்டர் காட்டும் மீட்டர். இவ்வளவு இருந்தால் போதும்.

கீறலை மறைத்தால் வம்பு

கம்ப்யூட்டரில் கீறலை அழிப்பது இரண்டு நிமிஷ வேலை. ஆனால் விற்கிற காருக்கு அதை செய்யவே கூடாது. ஆவடியில் இருந்தோ தாம்பரத்தில் இருந்தோ பஸ் ஏறி வருகிறவர், படத்தில் இல்லாத ஒடுக்கை கதவில் பார்த்தால் அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார். கீறலை தனியாக ஒரு படம் எடுத்து போட்டுவிட்டால், வருகிறவர் தெரிந்தே வருவார். பேச்சு சீக்கிரம் முடியும்.

உயிரோடு விளையாடாதீர்கள்

ஓடும் காரை இன்னொரு காரில் இருந்து எடுப்பதை ‘ரோலிங் ஷாட்’ என்கிறார்கள். டிக்கியை திறந்து வைத்து, போட்டோகிராபர் வெளியே தொங்கிக்கொண்டு எடுப்பதெல்லாம் பொது சாலையில் ஆபத்து. மோட்டார் வாகன சட்டம் 184-வது பிரிவின்படி ஆபத்தாக ஓட்டினால் முதல் முறையே 6 மாதம் முதல் ஓராண்டு வரை ஜெயில், அல்லது ஆயிரம் முதல் 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்ந்து கிடைக்கும். மாட்டிக்கொள்வது ஸ்டீயரிங் பிடித்த டிரைவர்தான்.

டிரோன் வைத்து எடுக்கவும் விதி இருக்கிறது. 2021-ம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேல் எடையுள்ள டிரோனை கூலி வேலைக்கு பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையம், கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கமெல்லாம் இஷ்டத்துக்கு பறக்கவிட முடியாது.

படம் யாருக்கு சொந்தம்?

இது பலருக்கு தெரியாத சங்கதி. 1957-ம் ஆண்டு காப்புரிமை சட்டம் 17-வது பிரிவின்படி, நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு முதல் உரிமை உங்களுக்குத்தான். ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் அதுதான் செல்லும். படிக்காமல் கையெழுத்து போட்டுவிட்டு பிறகு வருந்தி பயன் இல்லை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் 5 கேள்வி

1. மொத்தம் எத்தனை படம் திருத்தி தருவீர்கள்? 2. எந்த தேதிக்குள் கைக்கு வரும்? 3. மழை வந்தால் அட்வான்ஸ் என்ன ஆகும், வேறு நாள் தருவீர்களா? 4. போக்குவரத்து, வரி எல்லாம் சேர்த்தா, தனியா? 5. முன்பு எடுத்த கார் படங்களை காட்ட முடியுமா?

பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்கு கட்டணம் கிடையாது. பில்லும் மெசேஜும் கையில் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

கடைசியாக ஒரு உஷார்

நல்ல படம் போட்டால் நல்லவர் மட்டும் பார்ப்பதில்லை. உங்கள் கார் படத்தை திருடி, தன் கார் என்று சொல்லி அட்வான்ஸ் வசூலிக்கும் ஆசாமிகள் இருக்கிறார்கள். நம்பர் பிளேட்டை மறைத்து போடுங்கள். ஆர்.சி., ஆதார் படத்தை முகம் தெரியாதவருக்கு அனுப்பாதீர்கள். “ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, காசு வரும்” என்று யாராவது சொன்னால் போனை வையுங்கள். பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் திரும்ப கிடைக்க அவ்வளவு வாய்ப்பு.