காரோடையும் விளக்குத்தூணும்

மதுரையில் விளக்குத்தூணுக்கு வழி கேட்டால் சிறு பிள்ளையும் கைகாட்டும். பிளாக்பர்ன் யார் என்று கேட்டாலோ பெரியோரும் விழிப்பர். நாயக்கர் மகாலுக்கு அருகே நிற்கும் அத்தூண் அவர் நினைவாகவே நாட்டப்பெற்றது என்பதை நம்மில் பலர் அறியோம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், 1834 முதல் 1847 வரை மதுரை ஆட்சியராக இருந்தவர் ஜான் பிளாக்பர்ன். அவருடைய குடும்பப் பெயருக்குள் ஓர் ஊர் இருக்கிறது. அவ்வூருக்குள் ஒரு நீரோடை இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘பிளாக்’ கருமையையும், ‘பர்ன்’ நீரோடையையும் குறித்தன. தமிழில் ‘காரோடை’ எனலாம். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள அவ்வூரின் பெயர், 1086-ஆம் ஆண்டின் ‘டூம்ஸ்டே’ நிலப் பதிவேட்டிலேயே காணப்படுகிறது. ஊரைவிட்டுச் சென்றவரைப் பிறர் அவ்வூர்ப் பெயரால் அழைக்க, நாளடைவில் அதுவே குடும்பப் பெயராயிற்று. இறுதியில் ஒலிக்காத ஓர் எழுத்தைக் கூட்டி நம் ஆட்சியர் எழுதிய வடிவம் அந்நாட்டிலும் அருகியே வழங்குவது. ஊர்ப் பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே சுமக்கும் நம்மவர்க்கு இவ்வழக்கம் புதிதன்று.

அந்நாளில் மதுரை, 72 கொத்தளங்கள் கொண்ட நாயக்கர் காலக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தது. மக்கள் பெருகினர், மதில் விலகவில்லை. பிளாக்பர்ன் மதிலை இடிக்கவும் அகழியைத் தூர்க்கவும் முற்பட்டார். அவ்வாறு கிடைத்த நிலத்தில் புதிய வீதிகள் எழுந்தன. வெளி வீதிகள் அவற்றின் எல்லையாயின. இன்று கீழவெளி வீதியில் உள்ள நம் பேராலயத்திற்குச் செல்லும்போது, அன்றைய கோட்டையின் விளிம்பில்தான் நடக்கிறோம். பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சி நிற்கும் கோட்டைச் சுவர் ஒன்றே பழங்கதைக்குச் சான்று.

இப்பணியில் அவருக்குத் துணை நின்றவர்களாகச் சொல்லப்படும் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் வீதிப் பெயர்களில் வாழ்கின்றனர். வேலையை நடத்திய மேஸ்திரியின் பெயர் தபால் முகவரிகளில் நாள்தோறும் எழுதப்பட, வேலையை ஏவிய ஆட்சியரின் பெயர் நாவினின்று நழுவிவிட்டது. மண் சுமந்த கூலியாட்களின் பெயர்களோ எங்கும் பொறிக்கப்படவேயில்லை.

இது மக்களின் நன்றியின்மையா? அவ்வாறு தோன்றவில்லை. கருமையைப் பொருளாகக் கொண்ட பெயரை அவர்கள் மறந்தார்கள். அவர் நினைவாக ஏற்றிய விளக்கையோ ஊரின் அடையாளமாகவே வைத்துக்கொண்டார்கள். நாம் நம் பிள்ளைகளுக்குப் பொருள் பொதிந்த பெயர்களைத் தேடித் தேடிச் சூட்டுகிறோம். அப்பெயர் நீடிக்குமா என்பது நம் கையில் இல்லை. அடைபட்ட ஒரு மதிலை நம் காலத்தில் அகற்றினோமா, பிறர் நடக்க ஒரு வீதி திறந்தோமா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.